சனிக்குப் பத்தாம் பார்வை, செவ்வாய்க்கு நாலாம் பார்வை: இந்தச் சாதகத்தில் பயப்பட என்ன இருக்கிறது?

கண்டாங்கி97 (2025, ஞாயிறு, இரவு 9.40)

வணக்கம். இங்கே இரண்டு வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சாதகம்: 1997 கார்த்திகை மாதம், பின்னிரவு 3.10, காரைக்குடி. அஸ்தம், கன்னி ராசி, கன்னி லக்னம். லக்னத்தை ஒன்றாக வைத்து எண்ணினால் நாலில் (தனுசு) செவ்வாயும் சுக்கிரனும். ஏழில் (மீனம்) சனி, வக்ரம் (பின்னோக்கி நகர்வது). ஐந்தில் (மகரம்) குரு. விருச்சிகத்தில் சூரியன், பன்னிரண்டில் ராகு, ஆறில் கேது. புதன் மட்டும் விருச்சிகக் கடைசியா, தனுசு ஆரம்பமா என்று இழுபறி. குரு தசை போன வருடக் கடைசியில் தொடங்கியது.

ஆனியில் ஒரு வரன் வந்தது. குலக் கோவில் வேறு, பங்காளி இல்லை, பத்துக்கு ஏழு பொருத்தம். அப்பச்சிக்கு (அப்பா) மனசுக்குள் முடிந்துவிட்ட மாதிரிதான். எட்டாம் நாள் தரகர் போன் செய்தார். "சனி செவ்வாயைப் பார்க்குது, செவ்வாய் சனியைப் பார்க்குது, ஏழாமிடம் எரிஞ்சு கிடக்குதுன்னு அவுக ஜோசியர் சொல்லிட்டாராம்" என்றார். அன்றிலிருந்து ஆத்தா பரிகாரம் தேடிக்கொண்டிருக்கிறார். அப்பச்சி எதுவும் பேசுவதில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

வேண்டாம் என்றதில் எனக்கு வருத்தம் இல்லை. எனக்கு வேலை ஆடிட்டர் ஆபீசில். கணக்கு இடித்தால் எந்த வவுச்சரில் இடிக்கிறது என்று தேடுவது என் பிழைப்பு. இங்கே "இடிக்கிறது" என்று மட்டும் சொல்கிறார்கள், வவுச்சரைக் காட்ட மாட்டேன் என்கிறார்கள். இந்தப் பார்வைக்கு உண்மையில் என்ன பொருள்?

எட்டாம்பார்வை (ஞாயிறு, இரவு 10.05)

தங்கச்சி, மறைக்காமல் சொல்கிறேன். சனி–செவ்வாய் பரஸ்பரப் பார்வை அக்னி மாருத யோகம். அதுவும் களத்திர ஸ்தானத்தில், கல்யாணத்தைச் சொல்லும் ஏழாம் வீட்டில். கணவருக்கு விபத்து, அறுவை சிகிச்சை, இல்லாவிட்டால் பிரிவு. வாழை மரத்துக்குத் தாலி கட்டி வெட்டிவிட்டு அப்புறம் கல்யாணம் செய்வது நல்லது. ஹோமம் செய்பவர் ஒருவரைத் தெரியும். 35,000 ரூபாயில் முடித்துத் தருவார். தனிமடல் அனுப்புங்கள்.

கந்தரப்பம் (ஞாயிறு, இரவு 10.20)

தனிமடல் அனுப்பாதே ஆத்தா. காலையில் திண்ணை வருவார், அதுவரை நிம்மதியாகத் தூங்கு.

முகப்புத்திண்ணை (திங்கள், காலை 5.50)

வந்துவிட்டேன். வவுச்சரைப் பார்ப்போம்.

முதலில் பார்வை என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பயம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. எல்லாக் கிரகமும் தான் நிற்கும் இடத்திலிருந்து ஏழாம் இடத்தைப் பார்க்கும். மூன்று பேருக்கு மட்டும் கூடுதல் பார்வை உண்டு. செவ்வாய்க்கு 4, 8. குருவுக்கு 5, 9. சனிக்கு 3, 10. இப்போது ஒரு விஷயம் கவனியுங்கள். சனிக்குப் பத்தில் செவ்வாய் இருந்தால், செவ்வாயிலிருந்து எண்ணினால் சனி நாலில் இருக்கும். அதாவது இவர் பத்தாம் பார்வையால் அவரைப் பார்க்க, அவர் நாலாம் பார்வையால் இவரைப் பார்ப்பார். இருவருக்கும் இருக்கும் விசேஷப் பார்வை ஒன்றையொன்று சந்திக்கும் இடம் இது ஒன்றுதான். உங்கள் சாதகத்தில் இருப்பது இதுவே. ஆகவே அந்த ஜோசியர் சொன்ன "பார்க்குது, பார்க்குது" சரி. "எரிஞ்சு கிடக்கு" என்பதில்தான் எனக்கு வழக்கு.

செவ்வாய் அவசரம். வெட்டு, சூடு, துணிச்சல், நிலம், சகோதரம். சனி நிதானம். தாமதம், உழைப்பு, பொறுப்பு, வயது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தால் உள்ளே ஒரு இழுபறி இருக்கும். செய்துவிடு என்று ஒரு குரல், பொறு என்று இன்னொரு குரல். சில பேர் இதில் கோபத்தை அடக்கி அடக்கி ஒரு நாள் வெடிப்பார்கள். சில பேர் ஒரு வேலையைத் தொட்டால் முடிக்காமல் விடமாட்டார்கள். எது நடக்கும் என்பதைப் பார்வை மட்டும் சொல்லாது. அந்த இரண்டு கிரகமும் உங்கள் லக்னத்துக்கு யார், எந்த வீட்டில் நிற்கிறார்கள், அந்த வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

கன்னிக்குச் செவ்வாய் மூன்று, எட்டுக்கு உடையவர். நல்லவர் இல்லை, இதில் நான் மழுப்ப மாட்டேன். நாலில் அவருக்குத் திக்பலமும் (நிற்கும் இடத்தால் வரும் பலம்) கிடையாது. பத்தில்தான் அவருக்கு அது. நாலில் நின்று ஏழு, பத்து, பதினொன்றைப் பார்க்கிறார். சனி ஐந்து, ஆறுக்கு உடையவர், ஏழில் நிற்கிறார். சனிக்குத் திக்பலம் கிடைப்பதே ஏழில்தான். ஏழில் சனி என்றதும் அலறுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

இனி முக்கியமான இடம். தனுசும் மீனமும் யார் வீடு? குருவின் வீடு. சண்டை போடுகிற இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரரிடம் குடியிருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர் மகரத்தில் நீசம், பலம் குன்றிய இடம். ஐயோ என்று சொல்வதற்கு முன்னால் பாருங்கள்: மகரத்துக்கு அதிபதி சனி, அவர் லக்னத்துக்குக் கேந்திரத்தில் (1, 4, 7, 10). அதனால் நீசபங்கம், அந்தக் குறை நீங்குகிறது. அந்த மகரத்திலிருந்து ஒன்பதாம் பார்வையாகக் குரு லக்னத்தையே பார்க்கிறார். ஏழாம் அதிபதி ஐந்தில் இருந்துகொண்டு லக்னத்தைப் பார்ப்பது சின்ன விஷயமா?

குறையையும் சொல்ல வேண்டும். சுக்கிரன் செவ்வாயோடு நிற்கிறார், அவரையும் சனி பார்க்கிறார். ஏழாம் வீட்டுக்குக் குரு பார்வை இல்லை. அதனால் தாமதம் உண்டு. கோபத்தில் பேசிய ஒரு வார்த்தையை ஆறு மாதம் சுமக்கிற பழக்கமும் இருக்கலாம். இருக்கிறதா?

கண்டாங்கி97 (திங்கள், காலை 8.15)

ஆறு மாதம் இல்லை ஐயா. ஒரு வருடம்.

எட்டாம்பார்வை (திங்கள், காலை 9.02)

ஐயா, கன்னி உபய லக்னம். ஏழுக்குடைய குரு பாதகாதிபதி, அதாவது கெடுதல் செய்கிறவர். கேந்திரங்களுக்கு உடையவர் என்பதால் கேந்திராதிபத்திய தோஷம் வேறு. அவரை நம்பியா இவ்வளவும் கட்டுகிறீர்கள்? தசையும் அவருடையதுதான் நடக்கிறது.

முகப்புத்திண்ணை (திங்கள், காலை 9.40)

நல்ல கேள்வி. காசு கேட்காமல் இதையே நேற்று கேட்டிருந்தால் நேற்றே மரியாதை கிடைத்திருக்கும்.

ஆமாம், கன்னிக்குக் குரு பாதகாதிபதி. பாதகாதிபதி முழு பலத்தோடு கேந்திரத்தில் உட்கார்ந்தால்தான் நான் யோசிப்பேன். இங்கே நீசமாகி, பங்கமாகி, திரிகோணத்தில் (ஐந்தில்) இருக்கிறார். கெடுக்கிற பலம் குறைந்து, கொடுக்கிற பலம் மிச்சம் இருக்கிற நிலை என்று படிக்கிறேன். பாகை போட்டுப் பார்த்தேன். மகரத்தில் 20 பாகையைத் தாண்டி நிற்கிறார், நவாம்சத்தில் (ஒரு ராசியை ஒன்பதாகப் பிரித்துப் போடும் கட்டம்) கடகம், உச்சம். ராசியில் நீசம், அம்சத்தில் உச்சம். ஆரம்பத்தில் நாலு பேர் வேண்டாம் என்று சொல்லி, பிறகு நல்ல இடமாக அமைகிற சாதகம் என்று எங்கள் ஐயா காலத்தில் சொல்வார்கள்.

சுண்ணாம்புக்காரன் (திங்கள், மதியம் 1.30)

சாப்பாட்டு நேரம், சுருக்கமாக எழுதுகிறேன் என்று ஆரம்பிக்கிறேன், பார்ப்போம்.

எனக்குப் பார்வை இல்லை, சேர்க்கையே. 1986 மாசி. விருச்சிகத்தில் சனியும் செவ்வாயும் ஒரே வீட்டில். "இரும்பிலோ கட்டடத்திலோ போனால் பிழைப்பான், இல்லாவிட்டால் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைவான்" என்று எங்கள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். கட்டடத்தில் போய்விட்டேன். கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் பழைய வீடுகளைப் பழுது பார்க்கிறேன். சாரத்திலிருந்து ஒரு தடவை விழுந்து இடது மணிக்கட்டு போயிற்று. அதைச் செவ்வாய் கணக்கில் எழுதுவதா, சாரக் கயிற்றைச் சரியாகக் கட்டாத என் கணக்கில் எழுதுவதா என்பது அவரவர் இஷ்டம்.

திண்ணை ஐயா சொன்ன "செய், பொறு" இழுபறி என் வேலையில் தினம் நடக்கிறது. சூளையில் வெந்து வந்த சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதிக்கும், பக்கத்தில் நிற்க முடியாது. அந்தச் சூட்டோடு எடுத்துச் சுவரில் பூசினால் ஒரு மழைக்குத் தாங்காது, பொரிந்து விழும். ஊற வேண்டும். ஊறி, மணலோடு அரைபட்டு, அதற்கு மேல் மெல்லிய பூச்சு, அதற்கும் மேல் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்ப்பு. எங்கள் பக்கத்து வீட்டுச் சுவரில் நூறு வருடத்துக்கு அப்புறமும் முகம் பார்க்கலாம். சூடே இல்லாத சுண்ணாம்பு பிடிக்காது, ஊறாத சுண்ணாம்பு நிற்காது. என் சாதகத்தை நான் இப்படித்தான் புரிந்து வைத்திருக்கிறேன். ஜோசியம் எனக்குத் தெரியாது.

வேலை கூப்பிடுகிறது.

சிலேட்டுப்பலகை (திங்கள், மாலை 6.45)

பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறவன் நான். நம்பிக்கை இல்லை, ஆனால் சண்டைக்கு வரவில்லை. ஒரு எண்ணிக்கை மட்டும்.

திண்ணை ஐயா சொன்ன விதிப்படியே போவோம். சனியை ஒரு வீட்டில் வையுங்கள். செவ்வாய் அதே வீட்டில் இருந்தால் சேர்க்கை. மூன்றில் இருந்தால் சனியின் மூன்றாம் பார்வை. ஆறில் இருந்தால் செவ்வாயின் எட்டாம் பார்வை சனி மேல் விழும். ஏழில் இருந்தால் நேர்பார்வை. பத்தில் இருந்தால் இந்தத் தங்கச்சிக்கு இருப்பது. ஆக 12 வீட்டில் 5 வீடு. சுமாராகப் பன்னிரண்டு பேரில் ஐந்து பேருக்குச் சனி–செவ்வாய் சம்பந்தம் ஏதாவது ஒன்று இருந்தே தீரும்.

செவ்வாய் தோஷமும் அப்படியே. 2, 4, 7, 8, 12, அதுவும் ஐந்து வீடு. லக்னம், சந்திரன், சுக்கிரன் என்று மூன்றிலிருந்தும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். ஒவ்வொன்றிலும் தப்பிக்க 12-ல் 7 வாய்ப்பு. மூன்றிலும் தப்பிக்க அதை மூன்று முறை பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட 20 சதவீதம் வருகிறது. அதாவது விலக்கு விதி எதையும் சேர்க்காவிட்டால் பத்தில் எட்டுப் பேருக்குத் தோஷம். செட்டிநாட்டில் கல்யாணமே நடந்திருக்கக் கூடாது.

இன்னொன்று. செவ்வாய் ஒரு ராசியில் சாதாரணமாக ஒன்றரை மாதம் இருக்கும், சனி இரண்டரை வருடம். 1997 நவம்பர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் பத்து வரை செவ்வாய் தனுசில், சனி மீனத்தில். அந்த நாற்பது நாளில் பிறந்த எல்லோருக்கும் இதே பார்வை. நாடு முழுக்கப் பல லட்சம் பேர். எல்லோருக்கும் ஏழாமிடம் எரிந்தா கிடக்கிறது?

முகப்புத்திண்ணை (திங்கள், இரவு 7.30)

கணக்கு சரி. மறுக்க மாட்டேன். அதனால்தான் லக்னம். பார்வை நாற்பது நாளுக்குப் பொது, லக்னம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாறும். அதே இரவில் மூன்றரை மணிக்கு மேல் பிறந்த குழந்தைக்குத் துலா லக்னம் போயிருக்கும். அந்தக் குழந்தைக்கு இதே செவ்வாய் மூன்றில், வளர்ச்சி தரும் உபசயத்தில். இதே சனி நன்மை தரும் யோககாரகன், ஆறில். பார்வை மாறவில்லை, கதை மாறிவிட்டது. தனியாகப் பார்வையை மட்டும் பிடித்துக்கொண்டு வரனைத் தள்ளுகிறவர்கள் மேல்தான் எனக்கும் கோபம்.

விலக்கு விதி பற்றி ஒரு வேடிக்கை. குருவோ சனியோ பார்த்த செவ்வாய்க்குத் தோஷம் இல்லை என்று நம் பக்கத்தில் ரொம்ப காலமாகச் சொல்லும் விதி ஒன்று உண்டு. அதன்படி பார்த்தால், எந்தச் சனி பார்வையைக் காட்டி இந்தப் பெண்ணை வேண்டாம் என்றார்களோ, அதே பார்வைதான் இவருடைய செவ்வாய் தோஷத்தை நீக்குகிறது. ஒரே பார்வையைக் குற்றமாகவும் நிவர்த்தியாகவும் எழுதலாம். எழுதுகிறவர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தால் இரண்டுக்கும் விதி கிடைக்கும்.

பினாங்குக்கடை (திங்கள், இரவு 9.10)

குறுக்கே வருகிறேன். இங்கே என் மகள் மேல்நாட்டு முறையில் பார்ப்பாள். அவளிடம் இந்த விவரத்தைக் காட்டினேன். அவர்கள் கணக்கில் அயனாம்சம் என்கிற திருத்தத்தைக் கழிப்பதில்லை, சுமார் 24 பாகை வித்தியாசம். அதனால் இதே செவ்வாய் மகரத்தில் உச்சம், இதே சனி மேஷத்தில் நீசம், இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட அச்சு அசலாக 90 பாகை. அவர்களும் இதைக் கடினமான கோணம் என்றுதான் சொல்கிறார்கள். "முட்டுக்கட்டை போட்ட இடத்திலேயே தசை வலுக்கும்" என்று அவள் தமிழில் சொல்லிப் பார்த்தாள். ஜிம்முக்குப் போகிற பெண், அப்படித்தான் சொல்வாள்.

வானத்தில் இரண்டு கிரகம்தான். ஒரு ஊரில் உச்சம், ஒரு ஊரில் நட்பு வீடு. எனக்குத் தலை சுற்றுகிறது. பிள்ளைகள் தூங்கியாயிற்று, நானும் போகிறேன்.

கந்தரப்பம் (செவ்வாய், காலை 6.30)

என் முறை.

நான் 1964 ஐப்பசிக் கடைசி. கும்ப லக்னம், லக்னத்திலேயே சனி. ஏழில், சிம்மத்தில், செவ்வாய். நேருக்கு நேர். இதைவிடப் பெரிதாக ஒரு "எரிஞ்சு கிடக்கு" வேண்டுமா?

கல்யாணம் ஆகி நாற்பது வருடம் தாண்டிவிட்டது. அவுக இன்னும் முகப்பில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சண்டை உண்டா என்றால் உண்டு. அவுக கோபம் ஒரு நாழிகை. என் மௌனம் ஒரு வாரம். எது பெரிய கொடுமை என்று இன்றுவரை எங்களுக்குள் தீர்ப்பாகவில்லை. முதல் மூன்று வருடம் பெரிய வீட்டில் எல்லோரோடும் இருந்தபோது வீட்டின் இரண்டாம் கட்டுப் பக்கம் என் சத்தம் கேட்காத நாள் குறைவு. எங்களை வேறு வைத்த அன்றைக்கு, அடுப்பு தனியான அன்றைக்கு, பாதிச் சண்டை தானாகக் குறைந்தது. கிரகமா மாறியது? அடுப்பு மாறியது. நம் முன்னோர் கல்யாணம் ஆனதும் வேறு வைக்கிற வழக்கத்தை வைத்தது எவ்வளவு பெரிய பரிகாரம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் பக்கத்தில் ஒரு வரனை வேண்டாம் என்று சொல்ல ஆயிரம் காரணம் இருக்கும். செய்முறை போதாது, பெண் நிறம், பெண் வேலைக்குப் போகிறாள், வேறு இடம் கூடி வருகிறது. இதையெல்லாம் வாயால் சொன்னால் நாளைக்குப் படைப்பு வீட்டில் (முன்னோர்க்குப் படைக்கிற இடம்) முகத்தில் முழிக்க முடியாது. அதனால் சாதகத்தின் மேல் போடுவார்கள். சாதகம் பதில் பேசாது. இரண்டு வீட்டுக்கும் மரியாதை கெடாமல் பிரிய அது ஒரு நாகரிகமான வழி, ஒரு வகையில் நல்லதும்தான். ஆனால் அதைப் பெண் வீட்டில் நிஜமென்று எடுத்துக்கொண்டு, பெண்ணையே தோஷக்காரி என்று பார்க்க ஆரம்பித்தால் அங்கேதான் வினை. உங்கள் ஆத்தாவிடம் இதைச் சொல்.

இன்று செவ்வாய்க்கிழமை என்று இப்போதுதான் கவனித்தேன். தைப்பொங்கல் கழிந்து வரும் முதல் செவ்வாயில் நாட்டரசன்கோட்டையில் கண்ணுடைய நாயகி அம்மன் கோவில் வாசலில் அத்தனை புள்ளியும் (குடும்பமும்) கூடிச் செவ்வாய்ப் பொங்கல் வைக்கிறோம். பொங்கல் பாதி, பெண் பார்ப்பது பாதி. எத்தனை கல்யாணம் அந்தப் பானைப் புகையில் பேசி முடிந்திருக்கிறது! செவ்வாய்க்கிழமையில் பெண் பார்க்கிற ஆட்கள் செவ்வாயைக் கண்டு நடுங்குகிறோம்.

சுண்ணாம்புக்காரன் (செவ்வாய், காலை 7.05)

ஆச்சி, கடைசி வரியைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

எட்டாம்பார்வை (செவ்வாய், காலை 8.20)

எல்லோரும் சேர்ந்து என்னை வில்லன் ஆக்கிவிட்டீர்கள். நான் சொன்னது நூலில் இருப்பது. சரி, ஹோமம் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். கன்னி ராசிக்கு இப்போது ஏழில் சனி, கண்டகச் சனி. பிறப்புச் சனி நிற்கும் அதே மீனத்துக்குச் சனி திரும்பி வந்திருக்கிறது. அந்தச் செவ்வாயையும் கோசாரத்தில் (இப்போதைய கிரக நிலையில்) பத்தாம் பார்வையாகப் பார்க்கிறது. இந்த நேரத்தில் கல்யாணப் பேச்சு எடுக்கலாமா?

முகப்புத்திண்ணை (செவ்வாய், காலை 9.15)

திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச்சிலேயே மீனத்துக்கு வந்துவிட்டது. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச்சில்தான், திருநள்ளாற்றில் அதைத்தான் கொள்வார்கள். ஒரே பெண்ணுக்கு ஒரு பஞ்சாங்கத்தில் கண்டகச் சனி நடக்கிறது, இன்னொன்றில் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. நான் திருக்கணிதக்காரன், அதனால் நடக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன்.

சனி முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்து ஒரு சுற்று வருவார். 28, 29 வயதில் எல்லோருக்கும் அவர் பிறந்த இடத்துக்குத் திரும்புவார். அந்த வயதில்தான் நம் பிள்ளைகளுக்கு வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாம் வந்து நிற்கிறது. சனியால் நடக்கிறதா, வயதால் நடக்கிறதா என்று சிலேட்டு கேட்பார். கேட்கட்டும்.

பேச்சு எடுக்கலாம். 2026 ஜூனில் குரு கடகத்துக்கு வருகிறார், உச்சம், ராசிக்குப் பதினொன்று. அங்கிருந்து ஒன்பதாம் பார்வையாக மீனத்தைப் பார்ப்பார். பிறப்பில் ஏழாம் வீட்டுக்கு இல்லாத குரு பார்வை, கோசாரத்தில் கிடைக்கிறது. அதுவரை அவசரப்பட வேண்டாம் என்பதுதான் என் வாசிப்பு. அவசரம் வேண்டாம் என்பது சனி சொல்கிற வார்த்தைதானே.

பரிகாரம் கேட்டால்: வைரவன்பட்டியில் வைரவருக்குச் சனிக்கிழமை ஒரு விளக்கு. வியாழக்கிழமை பட்டமங்கலம் தட்சிணாமூர்த்தி. செவ்வாய்க்கு வைத்தீஸ்வரன்கோவில், சித்திரையில் நடந்து போகிற நம் கூட்டத்தோடு ஒரு வருடம் ஆத்தாவை அனுப்பிவையுங்கள். மனசு லேசாகித் திரும்புவார். இதற்கெல்லாம் பஸ் சார்ஜுக்கு மேல் செலவில்லை. அதற்கு மேல் கேட்பவர் யாராக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

சிலேட்டுப்பலகை (செவ்வாய், மாலை 6.20)

சும்மா ஒரு சந்தேகம். மாப்பிள்ளை எந்த வருடம், எந்த மாதம்?

கண்டாங்கி97 (செவ்வாய், இரவு 8.30)

1994 மார்கழி என்று குறிப்பில் பார்த்த ஞாபகம். ஏன்?

சிலேட்டுப்பலகை (செவ்வாய், இரவு 8.50)

போனில் இருக்கிற பஞ்சாங்கச் செயலியில் அந்த மாதத்தைப் போட்டேன். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது என்பதை மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன். திண்ணை ஐயா, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

முகப்புத்திண்ணை (செவ்வாய், இரவு 9.25)

பார்த்தேன். சிரித்துவிட்டேன், வீட்டில் என்ன என்று கேட்கிறார்கள்.

1994 மார்கழி முழுக்கச் சனி கும்பத்தில். செவ்வாய் சிம்மத்தில், அந்த மாதப் பிற்பாதியில் வக்ரமும் ஆகிறார். மார்கழியில் எந்த நாள், எந்த மணிக்குப் பிறந்திருந்தாலும் மாப்பிள்ளைக்குச் சனி–செவ்வாய் சமசப்தமப் பார்வை. நேருக்கு நேர். லக்னம் தெரியாததால் எந்த வீட்டில் என்று சொல்ல முடியாது, பார்வை இருப்பது உறுதி.

அந்த ஜோசியர் இரண்டு கட்டத்தையும் பக்கத்தில் வைத்துத்தானே பார்த்திருப்பார்? பெண்ணுடையது மட்டும் அவர் கண்ணில் பட்டதா, அல்லது பையன் வீட்டில் வேறு ஏதாவது சொல்லச் சொன்னார்களா? முதலாவது என்றால் அவர் வேலை தெரியாதவர். இரண்டாவது என்றால் கந்தரப்பம் ஆச்சி காலையிலேயே சொல்லிவிட்டார். அவ்வளவு ஏன், தோஷத்துக்குத் தோஷம் என்று பொருத்தியே கல்யாணம் முடித்திருப்பார்கள் வேறு ஜோசியர்கள்.

கந்தரப்பம் (செவ்வாய், இரவு 9.40)

கும்பத்தில் சனி, சிம்மத்தில் செவ்வாய். என் சாதகத்தில் இருப்பதே அதுதானய்யா! முப்பது வருடம் கழித்து அதே இடம். பையனுக்கு என் மௌனம் வாய்த்திருக்கிறதா, எங்கள் வீட்டுக்காரர் கோபம் வாய்த்திருக்கிறதா என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

சுண்ணாம்புக்காரன் (செவ்வாய், இரவு 10.00)

தரகரிடம் இதைச் சொல்லி ஒரு போன் போடச் சொல்லுங்கள் தங்கச்சி. அவர்கள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

கண்டாங்கி97 (வியாழன், இரவு 9.15)

இரண்டு நாளாக எழுத முடியவில்லை, ஆபீசில் மாதக் கடைசி.

ஆத்தாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். மாப்பிள்ளை விஷயம் வந்ததும் நிறுத்தி, மறுபடி வாசி என்றார். மறுபடி வாசித்தேன். தரகருக்குப் போன் போடலாமா என்று நான்தான் கேட்டேன். "வேண்டாம். அவுக மரியாதையாச் சொல்லிட்டாக, நாமளும் மரியாதையா விட்டுருவோம்" என்றார். எனக்கு உள்ளே கொதித்தது. சுண்ணாம்புக்கார அண்ணன் சொன்ன மாதிரி ஊற விட்டிருக்கிறேன். அப்பச்சி ராத்திரி சாப்பிட்டு முடித்து, தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே, "மார்கழின்னா சொன்னே?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்தார். பத்து நாளில் என்னிடம் முதல் தடவையாகப் பேசியது அதுதான்.

எட்டாம்பார்வை அண்ணன் தனிமடலில் மன்னிப்புக் கேட்டிருந்தார். எனக்குக் கோபம் இல்லை (ஒரு வருடம் வைத்திருக்க மாட்டேன், நிச்சயமாக).

இப்போது வேறு ஒரு குழப்பம். திண்ணை ஐயா மூன்றரைக்கு மேல் துலாம் என்று எழுதியதிலிருந்து தூக்கம் போயிற்று. 3.10 என்பது எங்கே எழுதியிருக்கிறது என்று தேடினால் ஆஸ்பத்திரிச் சீட்டு கிடைக்கவில்லை. ஆயாவிடம் (பாட்டி) கேட்டேன். "பால்காரன் மணியடிச்சுட்டுப் போனான், நீ பொறந்தே" என்கிறார். பால்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்றால், "அவன் வர்றப்பத்தான் வருவான்" என்கிறார்.

முகப்புத்திண்ணை (வியாழன், இரவு 9.50)

இருபது நிமிடம் தள்ளினால் லக்னம் மாறிவிடும், நான் எழுதிய அத்தனையும் குப்பைக்குப் போகும். மூன்றில் செவ்வாய், ஆறில் சனி என்று புதிதாக ஆரம்பிக்க வேண்டும். அப்படியே மாறினாலும் ராசி கன்னிதான், சந்திரனிலிருந்து பார்த்தால் செவ்வாய் நாலு, சனி ஏழு மாறாது. ஆனாலும் மணி முக்கியம். உங்கள் ஐயா (தாத்தா) கணக்கு நோட்டு வைத்திருந்தாரா? நம் பெரியவர்கள் பிறப்பை அதில்தான் எழுதுவார்கள். இரும்புப் பெட்டியில் பாருங்கள்.

கண்டாங்கி97 (சனி, காலை 11.05)

இரும்புப் பெட்டியில் இல்லை. மேல்மாடி அறையில் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பின்னால் இருந்த தகரப் பெட்டியில் இருந்தது. 1997-ம் வருட நோட்டு, மேலட்டை செல்லரித்திருக்கிறது. ஐயாவின் கையெழுத்து.

"மகள் வீட்டில் பெண் மகவு. பின்னிரவு மணி 3.10. ஆஸ்பத்திரிக் கடியாரம். நம் கைக்கடியாரம் 3.14."

அதற்கு அடுத்த வரியில் பால் இரண்டு லிட்டர், விலையோடு.